நிற்கும் இன்ஜினும் உறையும் தண்ணீரும்

(திருநெல்வேலியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ரயில்வேயில் வாழ்நாளைக் கழித்துவிட்டு இன்று முன் வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணாச்சிமார்களே, பாலிடெக்னிக் மாணவ மாணவியரே!

குளிரில் ரயில் இன்ஜின் உறைந்துபோகாமல் காப்பாற்றுவது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு. மார்கழி விடியலில்கூட வெப்பநிலை இருபது டிகிரியை விட்டு அதிகம் இறங்காத ஊர் இது. இங்கே எதற்கு இந்தப் பேச்சு என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது.

நம்ம ஜங்ஷனுக்கும் ஜம்மு பக்கத்துக் கட்ராவுக்கும் இடையே ஒரு விரைவு வண்டி ஓடுகிறது. 3,600 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணம். மூன்று இரவு வண்டியிலேயே கழியும். கட்ராவில் இறங்குகிறவர் அங்கிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் வண்டி பிடிக்கலாம். அந்தச் சேவை 2025 ஜூன் 6 அன்று தொடங்கியது. வண்டியைச் செய்தது பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை. தாமிரபரணியில் குளித்துவிட்டு ஏறியவர், தால் ஏரியின் மேல்பரப்பு பனிக்கட்டியாகிக் கிடக்கும் ஊரில் தண்டவாளம் வழியாகவே போய் இறங்க முடியும். அந்தக் குளிருக்கு வண்டியைத் தயார் செய்தவர்கள் சென்னை வெயிலில் வேலை பார்க்கிறவர்கள். ஆகவே இது வெளியூர் விஷயம் அல்ல. இன்னொரு காரணமும் உண்டு. அது இந்தப் பள்ளத்தாக்கின் வெள்ளத்தோடு சம்பந்தப்பட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினைக் குளிர் அவ்வளவு எளிதில் தொடுவதில்லை. உள்ளே எரிபொருள் எரிகிறது. அந்தச் சூட்டை வெளியேற்றத்தானே ரேடியேட்டரும் விசிறியும் வைத்திருக்கிறோம்! குளிருக்கு இரையாவது நின்றுவிட்ட இன்ஜின். யார்டில் இரவு முழுக்க நிற்பது, சிக்னலுக்காகக் காட்டு நடுவே நிற்பது, பழுதாகி வேறொரு வண்டியின் பின்னால் டெட் இன்ஜினாக இழுபட்டுப் போவது, இவைதான் ஆபத்து. உலகம் முழுக்க ரயில்வேக்காரர்கள் குளிரை எதிர்த்துக் கண்டுபிடித்த எல்லாமே இந்த ஒரு கேள்விக்கான பதில்கள்தான்: ஓடாத இன்ஜினை எப்படிக் காப்பது?

தண்ணீரின் குணத்திலிருந்து தொடங்குவோம். பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கிக்கொண்டே போகும். தண்ணீரும் சுருங்கும், ஆனால் 4 டிகிரி வரைதான். அதற்குக் கீழே அது விரியத் தொடங்குகிறது. பனிக்கட்டி ஆகும்போது கனஅளவு சுமார் 9 சதவீதம் கூடிவிடுகிறது. கண்ணாடி பாட்டிலில் வாய் வரை தண்ணீர் நிரப்பி மூடி ஃப்ரீசரில் வைத்து மறந்துபோன வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். போக இடமில்லாமல் அடைபட்ட தண்ணீர் மைனஸ் 22 டிகிரி வரை குளிர்ந்தால், அது வளிமண்டல அழுத்தத்தைப் போல 2,000 மடங்கு வரை அழுத்தம் கொடுக்கும். வார்ப்பிரும்பு அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. உள்ளேயிருந்து பனிக்கட்டி வெளியே தள்ளும்போது இரும்புச் சுவர் இழுபடுகிறது. விரிசல் விழுகிறது.

இதில் இயற்கை நமக்கு ஓர் அவகாசமும் கொடுத்திருக்கிறது. பூஜ்ய டிகிரிக்கு வந்துவிட்ட ஒரு லிட்டர் தண்ணீர் முழுக்க உறைய வேண்டுமென்றால், அது இன்னும் 80 கிலோ கலோரி வெப்பத்தை இழக்க வேண்டும். 80 டிகிரிச் சூட்டிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கும்போது எவ்வளவு இழந்ததோ, அதே அளவு. அதனால் பெரிய இரும்புக் கட்டிக்குள் இருக்கும் தண்ணீர் உடனே உறைந்துவிடாது. ரேடியேட்டர் குழாய்களின் கதை வேறு. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தண்ணீர்தான். காற்றுப் படும் பரப்போ மிகப் பெரிது. வெப்பத்தை வேகமாக விடுவதற்கென்றே செய்த உறுப்பு, இன்ஜின் நின்ற பிறகும் அந்த வேலையை நிறுத்துவதில்லை. முதலில் உறைவதும் முதலில் உடைவதும் அதுதான்.

இப்போது ஒரு டீசல் இன்ஜினுக்குள் போய்ப் பார்ப்போம். செங்கோட்டை, திருச்செந்தூர் மீட்டர்கேஜ் பாதைகளை நினைவு வைத்திருப்பவர்களுக்கு ஒய்.டி.எம்.-4 இன்ஜினைச் சொல்ல வேண்டியதில்லை. 1,400 குதிரைத்திறன், ஆறு சிலிண்டர், 72 டன் எடை. அதன் உள்ளே இருந்தது ஆல்கோ 251 வகை இன்ஜின். ஆல்கோ கம்பெனி அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி ஊரில் இருந்தது. ஒய்.டி.எம்.-4 இன்ஜின்களில் ஒரு பங்கு கனடாவின் மான்ட்ரியலிலிருந்து வந்தது. பெரும்பங்கு பின்னர் வாரணாசியில் செய்யப்பட்டவை. ஸ்கெனெக்டடியும் மான்ட்ரியலும் குளிர்காலத்தில் பூஜ்யத்துக்கு மிகக் கீழே போகும் ஊர்கள். இந்திய வெயிலில் ஓடிய இந்தக் குடும்பத்து இன்ஜின்களின் பிறந்த வீடு பனிநாடு.

அந்த இன்ஜினில் தண்ணீர் எங்கெல்லாம் போகிறது? சிலிண்டர் லைனரைச் சுற்றி, சிலிண்டர் ஹெட் வழியாக, டர்போ சார்ஜரின் உறைக்குள், அங்கிருந்து ரேடியேட்டருக்கு, பிறகு மசகு எண்ணெயைக் குளிர்விக்கும் கூலருக்கு, மறுபடி பம்புக்கு. அகலப் பாதையில் ஓடிய பதினாறு சிலிண்டர் டபிள்யூ.டி.எம்.-2 இன்ஜினில் இந்தச் சுற்றில் ஆயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கும்.

மாணவர்கள் உடனே கேட்பார்கள்: காரில் ஊற்றுகிறோமே பச்சையோ சிவப்போ ஒரு கூலன்ட், அதை இதிலும் ஊற்றினால் என்ன? எத்திலீன் கிளைக்காலைத் தண்ணீரில் சரிபாதி கலந்தால் மைனஸ் 35 டிகிரி வரை உறையாதே! நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தெரிந்தால் ரயில் இன்ஜினின் இயல்பே புரிந்துவிடும்.

வட அமெரிக்காவின் பெரிய ரயில்வேக்களும் சரி, நம் இந்திய ரயில்வேயும் சரி, பெரிய டீசல் இன்ஜின்களில் வெறும் தண்ணீரைத்தான் விட்டுவந்தன. உப்பு நீக்கிய தண்ணீர், அதில் துருப்பிடிக்காமல் இருக்கப் போரேட், நைட்ரைட் போன்ற மருந்து, அவ்வளவுதான். தெரியாமல் செய்ததல்ல. பல பதினாயிரம் சதுர மைல் பனிக்காட்டில் வண்டி ஓட்டுகிறவர்கள் யோசித்து எடுத்த முடிவு.

ரயில் இன்ஜின் பெரியது, அதிரும், பல லட்சம் கிலோமீட்டர் ஓடும். எங்கோ ஒரு சீல், ஏதோ ஒரு லைனரின் ரப்பர் வளையம் கசியத்தான் செய்யும். தண்ணீர் கசிந்து கிராங்க் கேஸ் எண்ணெயில் கலந்தால், எண்ணெய் சூடாக இருப்பதால் சிறு கசிவு ஆவியாகிப் போய்விடும். அளவு கூடினால் சோதனைச்சாலையில் எண்ணெயைப் பார்க்கிறவர் கண்டுபிடித்துவிடுவார். கிளைக்கால் கலந்தால் அது ஆவியாகிப் போகாது. எண்ணெயோடு சேர்ந்து பிசினாகி, எண்ணெய் போகும் துவாரங்களை அடைத்து, பேரிங்கை அரித்துவிடும். பேரிங் போனால் கிராங்க் ஷாஃப்ட் போகும். குளிரிலிருந்து காப்பாற்ற ஊற்றிய மருந்து நல்ல வெயில் காலத்தில் இன்ஜினைக் கொன்றுவிடும்.

இன்னொன்று, கிளைக்கால் கலந்த நீர்மம் வெறும் தண்ணீரைவிடக் குறைவான வெப்பத்தைத்தான் சுமக்கும். அதே வேலையைச் செய்ய இன்னும் பெரிய ரேடியேட்டர் வேண்டும். நம் ஊர் சித்திரை வெயிலில், சரக்கு வண்டியை ஏற்றத்தில் இழுக்கும்போது இன்ஜின் தண்ணீர் சூடேறி எச்சரிக்கை மணி அடிப்பதை இங்கே இருக்கும் அண்ணாச்சிமார் பார்த்திருப்பார்கள். அந்த வெயிலில் வெப்பத்தைச் சுமக்கும் திறனைக் குறைத்துக்கொள்ள யார் சம்மதிப்பார்? அதோடு, ரயில் இன்ஜினின் தண்ணீரை வழியில் திறந்துவிட வேண்டி வரும், மறுபடி நிரப்ப வேண்டி வரும். கிளைக்கால் நஞ்சு, இனிப்பாக இருப்பதால் நாய், பூனை, கால்நடை நக்கிக் குடித்துச் சாகும். ஆயிரம் லிட்டர் நஞ்சைத் தண்டவாள ஓரத்தில் கொட்ட முடியாது. தண்ணீரைக் கொட்டலாம்.

ஆகவே தண்ணீர்தான். அப்படியென்றால் நிற்கும் இன்ஜினில் அது உறையாமல் இருக்க என்ன வழி?

பழைய வழி, அணைக்காமல் விடுவது. குளிர்காலம் வந்தால் அமெரிக்க, கனடா யார்டுகளில் டீசல் இன்ஜின்கள் வேலையில்லாமலே இரவும் பகலும் ஐட்லிங்கில் உறுமிக்கொண்டு நின்றன. தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும், வெதுவெதுப்பாகவே இருக்கும். ஏதோ காரணத்தால் இன்ஜின் தானே நின்றுபோய், பக்கத்தில் ஆள் இல்லையென்றால்? அதற்காகத் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகால் வால்வு வைத்தார்கள். தண்ணீர் உறைநிலையை நெருங்கும்போது, நாலைந்து டிகிரியிலேயே அது தானாகத் திறந்து, மொத்தத் தண்ணீரையும் கீழே விட்டுவிடும். காலையில் வந்து பார்க்கிறவர்களுக்கு வெறும் இன்ஜினும் தண்டவாளத்தில் ஒரு பனிக்கட்டிப் பாளமும் இருக்கும். வண்டி தாமதமாகும், ஆனால் பல லட்சம் பெறுமான வார்ப்பு பிழைத்துக்கிடக்கும். ஒரு வால்வின் அறிவு எவ்வளவு பெரியது என்று நான் வியந்து நின்ற இடம் இது. தன் உயிர்நீரைத் தானே கொட்டிவிட்டு உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளும் ஓர் இயந்திரத்தை வடிவமைத்தவரின் மனம் எப்படிப்பட்டதாக இருக்கும்!

ஐட்லிங் எளிய வழி. ஆனால் நான் அதை நல்ல வழி என்று சொல்ல மாட்டேன். பெரிய ஆல்கோ இன்ஜின் ஒன்று சும்மா நிற்கும்போது மணிக்கு 25 லிட்டர் அளவுக்கு டீசலைக் குடிக்கும். எட்டு மணி நேர இரவுக்கு 200 லிட்டர். சுமையில்லாமல் ஓடும்போது சிலிண்டர் போதிய சூடு ஏறாது. டீசல் முழுக்க எரியாது. எரியாத எண்ணெய் புகைப்போக்கி வழியில் படியும், லைனரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவும். பக்கத்துக் குடியிருப்பில் தூங்குகிறவர்களின் மூச்சுக்கும் காதுக்கும் அது செய்யும் கெடுதல் வேறு.

இதில் நம் நாட்டைப் பற்றியே கொஞ்சம் வருத்தத்தோடு பேச வேண்டியிருக்கிறது. பனிநாட்டில் ஐட்லிங்குக்கு ஒரு காரணம் இருந்தது. தென்னாட்டு யார்டில் முப்பத்தைந்து டிகிரி வெயிலில் டீசல் இன்ஜின்கள் மணிக்கணக்காக உறுமிக்கொண்டு நின்றது எதற்காக? தண்ணீர் உறைந்துவிடும் என்ற பயம் இல்லை. அணைத்தால் மறுபடி கிளம்புமா என்ற பயம். பேட்டரி பலவீனமாக இருக்கும். பிரேக் குழாயில் காற்று கசிந்து அழுத்தம் இறங்கிவிடும். மறுபடி ஏற்றிச் சோதனை செய்ய நேரம் பிடிக்கும். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது, ஓட்டுநரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பேட்டரியைச் சரியாகப் பராமரிக்காததற்கும், காற்றுக் கசிவைச் சரி செய்யாததற்கும் விலையாக நாடு டீசலை எரித்தது. உறைபனிக்கான மருந்தை உறைபனியே இல்லாத ஊரில் பராமரிப்புக் குறைபாட்டுக்கு மருந்தாக உண்டோம்.

பிறகு ஒரு நல்ல தீர்வு வந்தது. பெரிய இன்ஜினுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன டீசல் இன்ஜினை வைப்பது. துணை மின் அலகு, ஏ.பி.யு. என்று ஷெட்டில் சொல்வார்கள். வண்டி சிறிது நேரம் சும்மா நின்றால் பெரிய இன்ஜின் தானே அணையும். சின்னது தானே கிளம்பும். பேட்டரியைச் சார்ஜ் செய்யும், காற்றழுத்தத்தைக் காக்கும். பனிநாட்டில் தண்ணீரையும் எண்ணெயையும் சூடாக வைத்திருக்கும். அது குடிப்பது மணிக்கு மூன்று லிட்டர் அளவுதான். இந்திய ரயில்வேயும் தன் டீசல் இன்ஜின்களில் இதைப் பொருத்தத் தொடங்கியது. குளிருக்கென்று பிறந்த யோசனை, வெயில் நாட்டில் டீசல் மிச்சம் பிடிக்க உதவியது. ஷெட்டிலேயே நிற்கும் இன்ஜினுக்கு இன்னும் எளிய வழி, வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துத் தண்ணீர்ச் சுற்றில் உள்ள ஹீட்டரை ஓட்டுவது. ஒரு பிளக்கும் ஒரு சிறிய சுற்றுப் பம்பும் போதும்.

நீராவிக் காலத்தில் இது எப்படி இருந்தது? நம் ஜங்ஷனுக்கு ரயில் வந்தது 1876-இல். அங்கிருந்து கல்லிடைக்குறிச்சி, செங்கோட்டை என்று நீண்டு, 1904-இல் மலையைக் குடைந்து ஆரியங்காவு வழியாகப் புனலூருக்குப் போனது. திருச்செந்தூர்ப் பாதை 1923-இல். இந்தப் பாதைகளில் நீராவி இன்ஜினுக்குத் தண்ணீரால் வந்த தொல்லை உறைவது அல்ல, உப்புப் படிவது. கடலோரக் கிணற்றுத் தண்ணீரை விட்டால் பாய்லர் குழாயில் சுண்ணாம்புப் பாளம் ஏறும்; சூடு தண்ணீருக்குப் போகாமல் குழாய் வெந்துபோகும். ஒரு கிலோ நிலக்கரி ஆறேழு கிலோ தண்ணீரை ஆவியாக்கும் என்பது கணக்கு. ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும், உப்பு அத்தனையும் உள்ளேயே தங்கும். மலையிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீரின் அருமை அங்கே தெரியும்.

பனிநாட்டு நீராவி இன்ஜினில் பாய்லர் உறைவதில்லை. பல டன் கொதிநீர், கீழே நெருப்பு; ராத்திரியில் நெருப்பை அடக்கி வைத்தாலே போதும். உறைவது வெளியே ஓடும் மெல்லிய குழாய்கள்: இன்ஜினுக்குப் பின்னால் தண்ணீரும் கரியும் சுமக்கும் டெண்டரிலிருந்து பாய்லருக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய், அதை உள்ளே செலுத்தும் இன்ஜெக்டர், எண்ணெய் போகும் வழிகள். குழாயோ இன்ஜெக்டரோ உறைந்தால் பாய்லருக்குத் தண்ணீர் போகாது. தண்ணீர் போகாத பாய்லரின் அடியில் நெருப்பு எரிவது வெடிகுண்டு. அதனால் ஃபயர்மேன் கொஞ்சம் நீராவியை டெண்டருக்குள் திருப்பிவிட்டு அங்குள்ள தண்ணீரை வெதுவெதுப்பாக வைப்பார். நிற்கும் இன்ஜினை அவ்வப்போது முன்னும் பின்னும் கொஞ்சம் நகர்த்துவார். இங்கிலாந்தில் தண்ணீர் பிடிக்கும் தூணே உறைந்துவிடும் என்பதால், தூணடியில் கரியடுப்பு ஒன்றை இரவெல்லாம் எரிய விட்டிருப்பார்கள்.

இதையெல்லாம் அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் பெரிய சாட்சி 1941-ஆம் ஆண்டுக் குளிர்காலம். சோவியத் நாட்டின் மேல் படையெடுத்த ஜெர்மானியர்கள் தங்கள் இன்ஜின்களையும் கொண்டுபோனார்கள். மேற்கு ஐரோப்பாவின் மிதமான குளிருக்கு வடிவமைத்தவை அவை. தண்ணீர்க் குழாய்களும் பம்பும் பாய்லருக்கு வெளியே, எளிதில் பழுதுபார்க்க வசதியாக, திறந்தபடி ஓடின. பட்டறையில் அது நல்ல வடிவமைப்பு. மாஸ்கோவை நெருங்கியபோது வெப்பநிலை மைனஸ் முப்பதுக்கும் கீழே போனது. குழாய்கள் வரிசையாக வெடித்தன. அந்தப் போர்முனையில் ஓடிய ஜெர்மன் இன்ஜின்களில் பெரும்பகுதி செயலிழந்தது. உணவும் குளிராடையும் குண்டும் வழியிலேயே நின்றன. சோவியத் இன்ஜின்கள் அதே குளிரில் ஓடின. அவற்றின் வடிவமைப்பாளர்கள் அந்தக் குளிரில் பிறந்து வளர்ந்தவர்கள்.

அதற்குப் பிறகு 1942-இல் ஜெர்மானியர்கள் 52 வகை என்ற போர்க்கால இன்ஜினைச் செய்தார்கள். வெளியே தொங்கிய பம்பையும் முன்சூடாக்கியையும் விட்டுவிட்டு இன்ஜெக்டர் மட்டும் வைத்தார்கள்; குழாய்களுக்குக் குளிர்க்காப்பு சுற்றினார்கள்; ஓட்டுநர் நிற்கும் இடத்தை நாலாபுறமும் மூடினார்கள். ஆறாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். பொறியியல் கண்ணால் பார்த்தால் நேர்த்தியான இன்ஜின். ஆனால் அந்த ஆட்சியின் ரயில்வேதான் லட்சக்கணக்கான யூத மக்களைக் கொலை முகாம்களுக்கு ஏற்றிச் சென்றது. தொழில்நுட்பத்தைப் படிக்கும் பிள்ளைகள் அதையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பதால் இங்கே சொல்கிறேன்.

நம் மாநிலத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் ரயில் போகும் இடங்களில் உறைபனி விழுவது நீலகிரியில். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இலும், அங்கிருந்து உதகைக்கு 1908-இலும் பாதை வந்தது. உதகை நிலையம் கடல்மட்டத்துக்கு 2,200 மீட்டர் மேலே. டிசம்பர், ஜனவரி விடியல்களில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடும் நாள்கள் உண்டு. ஆனால் பல்சக்கரப் பாதை கல்லாறில் தொடங்கிக் குன்னூரில் முடிவதால், இன்ஜின் மாற்றுவதும் ஷெட்டும் குன்னூரில் அமைந்தன. குன்னூர் உதகையைவிட ஏறத்தாழ 500 மீட்டர் தாழ்வு. இரவு தங்கும் இடம் தாழ்ந்திருப்பது நீலகிரி இன்ஜின்களுக்குத் தானாகக் கிடைத்த பாதுகாப்பு. கீழே சுவிட்சர்லாந்து வடிவமைப்பில் பிறந்த நீராவி இன்ஜின், மேலே குன்னூருக்கும் உதகைக்கும் இடையே நான் முன்பு சொன்ன அதே ஒய்.டி.எம்.-4 டீசல். நெல்லையில் ஓய்வு பெற்றுவிட்ட இன்ஜின் வகையை ஊட்டிக்குப் போனால் பிள்ளைகள் பார்க்கலாம்.

காஷ்மீரில் நிலைமை வேறு. அங்கே டிசம்பர் 21-இல் தொடங்கி நாற்பது நாள் கடுங்குளிருக்குச் சில்லாய் கலான் என்று பெயர். பள்ளத்தாக்கில் முதல் வண்டி ஓடியது 2008 அக்டோபரில். பாரமுல்லா, காசிகுண்ட் என்று நீண்டு, 2013-இல் பீர் பஞ்சால் மலையைத் துளைத்த 11 கிலோமீட்டர்ச் சுரங்கம் வழியாகப் பனிஹாலுக்கு வந்தது. அந்தப் பாதையில் ஓடிய டெமு என்னும் டீசல் வண்டிகளும் ஐ.சி.எஃப். செய்தவை. 1,400 குதிரைத்திறன் டீசல் இன்ஜின். குளிரில் தடங்கலில்லாமல் கிளம்ப அதற்கு முன்சூடாக்கும் ஏற்பாடு. ஓட்டுநர் அறைக்குச் சூடும், கண்ணாடியில் மூட்டம் படியாமல் ஓர் அமைப்பும். முன்னால் பனியை வெட்டித் தள்ளும் தகடு.

இப்போது ஓடும் வந்தே பாரத்தில் டீசலே இல்லை, மேலே மின்கம்பி. அதனால் உறையும் பிரச்சினை தீர்ந்துவிட்டதா? இல்லை, இடம் மாறியிருக்கிறது. கழிவறைத் தண்ணீர்த் தொட்டி உறையும், பயோ டாய்லெட் தொட்டி உறையும், குழாய்கள் உறையும். இவற்றுக்கெல்லாம் சூடேற்றும் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். ஓட்டுநர் முன்னால் உள்ள கண்ணாடிக்குள்ளேயே சூடாகும் கம்பிகள் இருக்கின்றன. பனி படிந்தால் தானே உருகும். பிரேக் ஒரு தனிக் கவலை. காற்றை அமுக்கும்போது அதிலுள்ள ஈரம் நீராகப் பிரியும். அந்த நீர் பிரேக் வால்வுக்குள் உறைந்தால் பிரேக் பிடிக்காது, அல்லது பிடித்தது விடாது. அதனால் காற்றை உலர்த்தி அனுப்புவது கட்டாயம். ஐ.சி.எஃப். 1955 அக்டோபர் 2-இல் தொடங்கியபோது சுவிஸ் நிறுவனம் ஒன்றிடமிருந்து பெட்டி செய்யக் கற்றுக்கொண்டது. பனிநாட்டுக்காரரிடம் தொழில் கற்ற சென்னைப் பட்டறை இன்று இமயத்துப் பனிக்கு வண்டி செய்து அனுப்புகிறது என்பதில் எனக்கு உண்மையான பெருமிதம் உண்டு.

டீசல் எண்ணெயே உறையாதா என்று கேட்பீர்கள். தண்ணீர் போல உறையாது. அதில் கரைந்திருக்கும் மெழுகு குளிரில் துகளாகப் பிரிந்து ஃபில்டரை அடைத்துவிடும். லடாக்கில் லாரிகளுக்கு இந்தத் தொல்லை இருந்ததால், 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் மைனஸ் 33 டிகிரியிலும் ஓடும் தன்மையோடு குளிர்கால டீசல் ஒன்றைக் கொண்டுவந்தது.

இனி, முதலில் சொன்ன அந்த இரண்டாவது காரணம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த அரங்கில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவு மழை. தாமிரபரணி கரை கொள்ளாமல் போனது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு வண்டி, சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் கல்லும் மண்ணும் அரித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. மக்கள் மீட்கப்பட்டு, வாஞ்சி மணியாச்சியிலிருந்து வேறு வண்டியில் போய்ச் சேர இரண்டு நாள் ஆனது. ஸ்ரீவைகுண்டம் ஊர்க்காரர்கள் அந்தப் பயணிகளுக்குச் சோறு சமைத்துப் போட்டதை நாடே அறியும்.

நம் பாதைகள் மின்மயமாகிவிட்டன. நல்லது. ஆனால் புயலிலும் வெள்ளத்திலும் முதலில் போவது மின்சாரம். மின்கம்பி அறுந்த இடத்துக்கு மீட்பு வண்டியையும் ஜல்லி வண்டியையும் தள்ளிக்கொண்டு போகக்கூடியது டீசல் இன்ஜின். இனிமேல் நம் பகுதியில் டீசல் இன்ஜின் என்றால் அது பெரும்பாலும் நின்றுகொண்டிருக்கும் இன்ஜின். நாள் கணக்கில், சில சமயம் வாரக் கணக்கில் நின்றுவிட்டு, யாரும் எதிர்பாராத ஓர் இரவில் முதல் அழுத்தத்திலேயே கிளம்ப வேண்டிய இன்ஜின். பனிநாட்டுக்காரர்கள் நூறு ஆண்டாகப் படித்த பாடம் இதுதானே, நிற்கும் இன்ஜினைக் காப்பது! இங்கே எதிரி பனிக்கட்டி இல்லை. ஆனால் தண்ணீர் அதே தண்ணீர்தான்.

நீண்ட நாள் நின்ற டீசல் இன்ஜினில் லைனர் வளையத்திலோ ஹெட்டிலோ மெல்லிய கசிவு இருந்தால், தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சிலிண்டருக்குள் போய் பிஸ்டன் மேல் தேங்கும். தண்ணீரை அமுக்க முடியாது. அது தெரியாமல் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் பிஸ்டன் மேலே வந்து அந்தத் தண்ணீரில் மோதும். கனெக்டிங் ராட் வளையும், ஹெட் பிளக்கும். பனிக்கட்டியால் விரிசல் விட்ட இன்ஜினுக்கும் இதே முடிவுதான். அதனால்தான் வெகுநேரம் நின்ற ஆல்கோ இன்ஜினைக் கிளப்பும் முன் சிலிண்டர் ஒவ்வொன்றின் டெஸ்ட் காக் என்னும் சோதனை வால்வையும் திறந்துவிட்டு, கடப்பாரை போட்டு கிராங்க் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பார்க்கும் வழக்கம் வந்தது. முன் வரிசை அண்ணாச்சிமார் இதை எத்தனை ராத்திரி செய்திருப்பார்கள்! காக்கிலிருந்து காற்று மட்டும் வந்தால் கிளப்பலாம். எந்தச் சிலிண்டரிலிருந்தாவது தண்ணீர் தெறித்தால், கன்ட்ரோல் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், அந்த இன்ஜினை அன்று தொடக்கூடாது.

இந்த வேலையைக் கையால் செய்தவர்கள் இதே அரங்கில் இருக்கிறார்கள். மாணவர்கள் என்னிடம் கேள்வி கேட்பதைவிட அவர்களிடம் கேளுங்கள். தண்ணீர் எந்தச் சிலிண்டரில் முதலில் வரும், அதற்கு முன் என்ன சத்தம் கேட்கும் என்று அவர்களால் சொல்ல முடியும். நான் இறங்கி அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.